யாருக்கு உரிமை?

சிறையில் இருக்கும் ஒரு லாரி டிரைவர் எழுதி அனுப்பிய கடிதங்களின் நகல் வேண்டும் என்று, ஒரு பெண் சிறை அலுவலகத்தில் தகவல் உரிமை மனு கொடுத்தாள்.

"தர முடியாதும்மா. கைதி எழுதற சொந்தக் கடிதம் பொது ஆவணம் கிடையாது" என்றார் தகவல் அதிகாரி.

"நீங்க பிரிச்சுப் படிச்சுட்டுத்தானே சார் அனுப்புறீங்க?"

"அது பாதுகாப்புக்காக. நாங்க பார்த்துட்டா ஊர் சொத்தாயிடுமா?"

"அப்ப இதையே எழுதி முத்திரை குத்திக் குடுங்க சார்."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்த அதிகாரி, வியப்போடு எழுதினார்: 'பெறுபவரைத் தவிர வேறு எவருக்கும் உரிமையில்லை.' அவள் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டாள்.

"ஆமா, அந்தக் கடிதமெல்லாம் யாருக்குத்தான் போகுது?" என்று கேட்டார் அதிகாரி.

"எனக்குத்தான் சார். நான் அவர் சம்சாரம். வர்ற கடிதத்தையெல்லாம் மாமியார் பிரிச்சு, கூடத்துல சத்தமா வாசிக்கிறாங்க. 'என் கண்ணே'ன்னு வந்தா கொழுந்தன் விசிலடிக்கிறான். கேட்டா, வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாருக்கும் பொதுவாம்!"

அதிகாரி காகிதத்தைத் திரும்ப வாங்கினார். 'எவருக்கும்' என்பதன் மேலே 'மாமியார், கொழுந்தன் உட்பட' என்று சேர்த்து, இன்னொரு முத்திரையும் ஓங்கிக் குத்தினார்.