மருதாத்தாளின் ஜீப்

பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பை மருதாத்தாள் நல்லேப்பிள்ளியில், தன் வயலை ஒட்டிய களத்தில் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தாள். பேரிங் தேய்ந்துபோனதால் நான்கு சக்கரங்களும் மாட்டுக் கொட்டகையில் தொங்கின. அது எழுபத்து நான்காம் வருஷம். அந்த யுத்த காலத்து ஜீப்பின் அளவுக்குப் பேரிங் பொள்ளாச்சியிலும் இல்லை, கோயமுத்தூரிலும் இல்லை.

நாற்று நட்ட மறுநாள் காலை வயலில் டயர் தடம் கிடந்தது. ஜீப்பிலிருந்து புறப்பட்டு, நாற்றை நசுக்கிக்கொண்டு கடைசி வரப்பு வரை போய், ஜீப்புக்கே திரும்பியிருந்தது. கொட்டகையில் தொங்கிய சக்கரங்களில் ஈரச் சேறு. அடுத்த மூன்று நாளும் இதேதான். கால்வாசி நாற்று போயிற்று.

"பழைய இரும்புக்குப் போட்டுத் தொலை, அம்மிணி" என்றார் அண்ணன் சென்னியப்பன்.

"என்ற வண்டிங்கண்ணா. நான் எதுக்குப் போடோணும்?"

கோபாலபுரத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்த மொய்தீன் எங்கெங்கோ தேடி எட்டு பேரிங் கொண்டுவந்தார். தடத்தைப் பார்த்ததும் பையைக் கொடுக்கத் தயங்கினார்.

"பேரிங் இல்லாமலே இந்த ஓட்டம் ஓடுதுங்க, அக்கா. போட்டா என்னாகுமோ?"

"இத்தன நாளு அது இஷ்டத்துக்கு ஓடுச்சுங்க. இனி நான் சொல்ற பக்கம் ஓடட்டும்."

கிரீஸ் அடைத்து அவளே சக்கரங்களை மாட்டினாள். செங்கற்களை உருவினாள். ஓட்டுகிற சீட்டில் யாருமில்லை. ஆனால் மெத்தை, ஆள் உட்கார்ந்தாற்போல் அமுங்கியிருந்தது.

மருதாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏனுங்க பட்டாளத்துக்காரரே, தள்ளி உக்காருங்க. ஓட்டறது நானு."

மெத்தை மெல்ல எழும்பியது. பக்கத்து சீட் அமுங்கியது.