மகேந்திரனின் அப்பா

"உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. இதில் எழுதியுள்ள சம்பவம் உங்களுடையது அல்ல. பிரபல நிபுணர் ஒருவரின் உரையிலிருந்து எடுக்கப்பட்டது."

ஹரிணி அந்த மெயிலை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை கண் எரிந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் அம்மா செண்பகம், அடுப்படியிலிருந்து.

"நான் திருடியாம்மா. என் சொந்த அப்பா கதையை நான் திருடிட்டேனாம்!"

இன்டர்நெட்டுக்கு யார் விதி போடுவது, எப்படிப் போடுவது என்று நாடு நாடாகக் கூடிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் வக்கீல் உண்டு, இன்ஜினீயர் உண்டு, தூதரகத்தில் குப்பை கொட்டியவரும் உண்டு. அதற்கென்றே படித்துவிட்டு வந்தவர் அபூர்வம். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, 'உங்கள் பின்னணி என்ன? இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?' என்பதுதான்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் ஹரிணி, அவர்களுடைய ஒரு வருஷப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். இந்தியாவுக்கே மூன்று இடம்.

உள்ளதை உள்ளபடி எழுதினாள். அப்பா காசி இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் இழுத்தவர். விரல் ரேகையெல்லாம் அரித்துப் போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் ஏழு தடவை விரல் வைத்தும் பொருந்தவில்லை என்றே வந்தது. காலிப் பையோடு அவர் திரும்பி நடந்தபோது கூட நடந்தவள் அவள். மெஷினுக்கு விதி எழுதுகிறவர்கள் நடுவில் தானும் ஒரு நாள் உட்கார வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

அந்தப் பிரபல நிபுணரின் உரையைத் தேடிப் பிடித்தாள். மேடையில் கோட்டு போட்ட மகேந்திரன்.

ஆம்பூர்க்காரர்தான். டெலிபோன் கம்பெனிக்கு வக்கீலாக இருந்து, பிறகு இந்தப் பக்கம் வந்தவர். அவருடைய அப்பா, காசி வேலை பார்த்த அதே டேனரியில் மேனேஜர்.

"என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர்," என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார் மகேந்திரன். "அவர் விரலை ரேஷன் கடை மெஷின் ஏற்கவில்லை. அன்றே கம்பெனி வேலையை உதறிவிட்டு இந்தத் துறைக்கு வந்தேன்."

பின்னால் பெரிய திரையில் ஒரு கை தெரிந்தது. வெளிறிப்போன, கட்டைவிரலில் நகமில்லாத கை. சபை எழுந்து நின்று கைதட்டியது.

ஹரிணி வீடியோவை அங்கேயே நிறுத்தினாள். அது காசியின் கை.

குளித்துவிட்டு வந்த அப்பாவிடம் போனை நீட்டினாள். "பாருப்பா. உன் கையைக் காட்டி ஊரை ஏமாத்தறான். எப்ப எடுத்தான் இந்த போட்டோ?"

காசி போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னா பேசறான்?" என்று கேட்டார்.

தமிழில் சொன்னாள். அவர் மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் சொல்றான்."

"நல்லாவா? அவங்கப்பா தொட்டிப் பக்கமே வரமாட்டாரு, வந்தா மூக்குல கர்ச்சீப் கட்டிக்குவாருன்னு நீதானப்பா சொல்வ?"

"ஆமா."

"அப்ப உக்காரு. கையைக் காட்டிப் பேசு. வீடியோ எடுத்து அவங்களுக்கே அனுப்பறேன். அப்பீல் பண்ண ரெண்டு நாள் டைம் இருக்கு. இது என் கதைதான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், எனக்கு எடம் கெடைச்சிடும்."

காசி கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். "வேணாம்மா."

"ஏன்?"

"வேணாம்னா வுடேன்."

"மேனேஜர் பையன்னு இன்னும் பயமா? உன்னை மாதிரி வாயில்லாப்பூச்சிங்க இருக்கறதாலதான் அவனுங்க நம்ம தலையில மொளகா அரைக்கிறானுங்க. பெத்த பொண்ணைத் திருடின்னு எழுதியிருக்காங்க. உனக்கு ரோஷமே வரலியா?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் வீடியோ எடுக்கத் தூக்கிய போனை இறக்கவில்லை.

செண்பகம் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "சொல்லிடுய்யா. இன்னும் எத்தினி நாளைக்கு மறைப்ப?"

காசி மகளைப் பார்க்காமல் பேசினார்.

"நீ பிளஸ் டூ முடிச்ச வருஷம் மகேந்திரன் நம்ம வீட்டுக்கு வந்தான். ரேஷன் கடை விசயத்தை எங்கியோ கேள்விப்பட்டிருக்கான். எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கினான். கையை நீட்டச் சொல்லி போட்டோ எடுத்தான். 'இனிமே இது எங்கப்பா கதை, நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது'ன்னான். நானும் சரின்னுட்டேன். நீ எழுதுவேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"பைத்தியமாப்பா உனக்கு? கேட்டான்னு சும்மா தூக்கிக் குடுத்தியா?"

"சும்மா இல்லம்மா. ட்ரஸ்ட்டு படிக்க வெக்குதுன்னு உன்கிட்ட சொன்னோமே, அது பொய். ஃபீஸ் இல்லாம உனக்கு காலேஜ் சீட்டு வாங்கிக் குடுத்தது அவன்தான்."

ஹரிணியின் கையிலிருந்த போன் தானாகத் தாழ்ந்தது.

"அந்த வருஷம் அவனவன் புள்ளைங்க படிப்புக்காக நகைய வித்தான், நெலத்த வித்தான்," என்றார் காசி. "விக்கறதுக்கு என்கிட்ட வேற இன்னாமா இருந்துச்சு?"