மேடம் அழித்த பேர்

"தன் பேரை அழிச்சிட்டாங்கடி!" ஹெலன் அக்கா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"யாரு?"

"வேற யாரு, என் கைடு நிருபமா மேடம்தான். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பணும். இப்ப வந்து ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. எழுதினவங்க பேர் வர்ற எடத்துல அவங்க பேரைக் காணோம். என் பேர் மட்டும் தனியா நிக்குது."

மம்மி கரண்டியோடு கிச்சனிலிருந்து வந்தார். "இன்னாடி அதுக்கு அர்த்தம்?"

"இந்தக் குப்பையில என் பேர் வேணாம்னு அர்த்தம்."

குப்பையா? கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்கு வந்து போகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. டாடியின் பாதி ஆயுசு அந்த ரயிலில்தான் போனது. பெங்களூரிலேயே காக்ஸ் டவுனுக்குக் குடிவந்த பிறகும் அவருக்கு விடிகாலையில் தானாக முழிப்பு வந்துவிடும். பேப்பரின் முதல் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, சர்ச்சில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டியிருந்தார். "ஹெலன் பால்ராஜ்னு போட்டிருக்கு பாருங்க. இதுல பாதி நானு!"

இப்போது அந்தப் பாதி, சோபாவில் அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தது.

"அந்த மேடம் எப்பவுமே அப்படித்தானே?" என்ற நான், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிற மாதிரி பாவனை செய்து அவர் குரலை எடுத்தேன். "ஹெலன், இது பாராகிராஃபா, சில்க் போர்டு டிராஃபிக்கா? எங்கே ஆரம்பம், எங்கே முடிவு?"

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் டிபார்ட்மென்ட் விழாவில் இதையே மேடம் முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறேன். அவரும் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கோபம் வேணும், கேரல்" என்று அதையும் திருத்தினார்.

நல்லவர் என்றால் ரங்கநாதன் சார்தான். டிபார்ட்மென்டுக்கே தலைவர். அக்காவை எங்கே பார்த்தாலும் "சாப்பிட்டியா கண்ணு?" என்பார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வந்து, மம்மி செய்த குல்குல் பலகாரத்தை டப்பாவோடு வாங்கிப் போனவர்.

"நான் அனுப்பப் போறதில்ல" என்றாள் அக்கா. "கைடே கைகழுவின பேப்பரை எவன் படிப்பான்?"

அனுப்பாவிட்டால், தங்கவயல் போகிற மாரிக்குப்பம் ரயிலில் அவள் நின்றுகொண்டே எடுத்த பேட்டிகள் எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ.

மம்மியின் போனை எடுத்தேன். "தலைவர் சொன்னா மேடம் கேட்டுத்தானே ஆகணும்?"

"கேரல், வேணாம்டி!"

மேடம் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுத் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டேன்.

"ஹும்… நிருபமா மேடமா? நான் ரங்கநாதன் பேசறேம்மா. என் போன்ல சார்ஜ் இல்ல, இது டிரைவர் நம்பரு. சாப்பிட்டாச்சா?"

டாடி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தலையில் கை வைத்தாள்.

"சொல்லுங்க சார்."

"அந்த ஹெலன் பொண்ணு பேப்பர்ல உங்க பேரை எடுத்துட்டீங்களாமே? அதெல்லாம் நல்லா இல்லம்மா. திரும்பப் போட்டுடுங்க."

"ஹௌதா, அப்படியா? அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சா?" நான் எத்தனையோ தடவை எடுத்த குரல். அதில் இவ்வளவு கோபம் இருப்பது எனக்கே தெரியாது. "நான் போட்டா, அடுத்தாப்பல உங்க பேரையும் போடணும். அதானே சார்?"

சார் மாதிரியே "ஹும்" என்று வைத்தேன்.

"கைடு பேர் இருந்தா தலைவர் பேரும் இருக்கணும், அதுதான் இங்க வழக்கம்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? அதான் என் பேரை எடுத்துட்டேன். கைடுக்கே எடமில்லாத பேப்பர்ல தலைவருக்கு என்ன வேலை?"

மம்மியின் கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"ரயில்ல நின்னுக்கிட்டே எழுதினவ அவ சார். நீங்க ஒரு நாளாவது அந்த ரயில்ல ஏறியிருக்கீங்களா? நானும் ஏறல. நான் செஞ்சதெல்லாம் சிவப்புல கோடு போட்டது. அதுக்கு ஒரு பேர் போதும், அவ பேர். என் சர்வீஸ்ல இப்படி ஒரு பேப்பரை நான் திருத்தினதில்ல. இதை அவகிட்ட சொல்லிடாதீங்க, தலைக்கனம் வந்துடும்."

டாடி எழுந்து நின்றுவிட்டார். போனுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு.

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஃபைலை ஏற்றி, 'சப்மிட்' பட்டனை அழுத்தினாள்.

எனக்கு யார் குரலும் வரும். அந்த நிமிஷத்தில் ரங்கநாதன் சாரின் குரல் மட்டும் வாயில் கசந்தது. ஆனாலும் ஏதாவது சொல்லி போனை வைக்க வேண்டுமே. அதே கரகரப்பில், "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

அந்தப் பக்கம் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"ரங்கநாதன் சார் இதுவரைக்கும் யாருக்கும் தேங்க்ஸ் சொன்னதில்லையே" என்றார் மேடம் நிதானமாக. "கேரல், போனை உங்க அக்காகிட்ட குடு."