புல்லுக்குப் போட்ட ஜவ்வரிசி

"ஏம்ப்பா நவாஸ், யூரியா கேட்டா ஜவ்வரிசியக் கட்டிக் குடுத்திருக்கே?"

ஜீவானந்தம் பொட்டலத்தை மேசைமேல் விட்டெறிந்தார். வெள்ளை மணிகள் சிதறி உருண்டோடின.

ஏற்காடு கடைத்தெருவில் விதை, உரம், பூச்செடி விற்கிற கடை அது. நவாஸைக் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து வந்து மூன்று மாதமான நஸ்ரின், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி மழை பேஞ்சுது. காலைல பாத்தா லான் பூராக் கஞ்சி! ஊர்ல இருக்கற மைனாவுக்கெல்லாம் எங்க ஊட்லதான் பந்தி!"

நஸ்ரினுக்குச் சிரிப்பு முட்டியது. நவாஸ் சிரிக்கவில்லை.

"தப்பு நடந்துபோச்சுங்கய்யா. வேற தர்றேனுங்க."

"முப்பது வருசம் எஸ்டேட் மேனேஜரா இருந்தவன்கிட்ட இந்த வேலையெல்லாம் ஆகாது, ஆமா! மண்ணு ஈரமா இருக்கணும், இலை காஞ்சிருக்கணும், யூரியா போட்ட கையோட தண்ணி உடணும். அதுவும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான். பக்குவம் தப்புனா புல்லு கருகிப்போகும். தெரியுமா?"

"தெரியுமுங்க."

நவாஸ் உள்ளே போய் இன்னொரு பொட்டலம் கட்டி வந்து கொடுத்தான். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

நஸ்ரின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நவாஸ் அள்ளியது யூரியா மூட்டையிலிருந்து இல்லை, பக்கத்தில் இருந்த தகர டின்னிலிருந்து. சும்மா இருப்பாளா? எழுந்து போய் மூடியைத் திறந்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள். ஜவ்வரிசியேதான்.

"என்னங்க இது? மறுபடியும் இதையே கட்டிக் குடுத்திருக்கீங்க!"

"உடு நஸ்ரின்."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"சொல்லக் கூடாதுன்னு ஒருத்தங்க சொல்லியிருக்காங்க."

"யாரு, உங்களோட கூட்டுக் களவாணியா? எங்க அத்தா இத்தனை வருசமா அரிசிக் கடை வச்சிருக்காரு. ஒரு குருணை கலந்ததில்ல. தேடித் தேடி என்னையக் கலப்படக்காரருக்கா கட்டிக் குடுத்திருக்காங்க?"

நவாஸின் முகம் சுருங்கியது. மத்தியான லுஹர் தொழுகைக்குக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏமாற்றுவதாகவே இருக்கட்டும். யூரியாவைவிட ஜவ்வரிசிதானே விலை கூடுதல்? கைக்காசை விட்டு ஏமாற்றுகிற வியாபாரியை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

எதுவானாலும் தப்பு தப்புதான். மூட்டையிலிருந்து நிஜ யூரியா ஒரு கிலோ அள்ளிக் கட்டினாள். பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வழி விசாரித்து, ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த ஜீவானந்தம் வீட்டுக்கு நடந்தாள்.

கேட்டருகே அவர் மனைவி சசிகலா நின்றிருந்தாள்.

"யாரு கண்ணு?"

"நவாஸ் கடையிலிருந்துங்கம்மா, அவரு சம்சாரம். அய்யாவுக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. இதுதானுங்க நெச யூரியா."

சசிகலா பதறிப்போய் வெளியே வந்து கேட்டைச் சாத்தினாள்.

"அய்யோ சாமி, உள்ள கொண்டாந்திராதே!"

கம்பி வழியாக நஸ்ரின் பார்த்தாள். புல்தரையின் நடுவே ஒரு பாய் அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. ஜீவானந்தம் குனிந்து குனிந்து வெள்ளை மணிகளை வீசிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மைனாக் கூட்டம்.

"அந்தக் கருகலு நெச யூரியா பண்ணுன வேலை. காலைல போட்டாரு, மத்தியானம் போட்டாரு, சாயங்காலமும் போட்டாரு. எப்படிப் போடணும்னு எதையும் மறக்கல கண்ணு. போட்டாச்சுங்கறதத்தான் மறந்துபோறாரு." சசிகலாவின் குரல் தாழ்ந்தது. "யூரியா இல்லைன்னு சொன்னா, வாங்கப் போறேன்னு பஸ் ஏறிடறாரு. போன மாசம் சேலத்துல ஒரு நாள் பூராத் தேடுனோம். அப்புறந்தான் உங்க ஊட்டுக்காரரு இந்த ஜவ்வரிசி யோசனையைச் சொன்னாரு. வெளிய தெரிஞ்சா இவருக்கு நொம்பக் கொறைச்சலாப் போயிருமுன்னு, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன்."

தொழுகைக்குப் போன நவாஸின் முகம் நஸ்ரினின் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அதற்குள் ஜீவானந்தம் வெறும் பையை உதறிக்கொண்டே கேட்டுக்கு வந்துவிட்டார். அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, யூரியாவா? நல்ல சமயத்துல வந்தே கண்ணு. நேத்துத்தான் மழை பேஞ்சுது. லானுக்கு உரம் போட்டு ரெண்டு மாசமாச்சு. கொண்டா, கொண்டா."

நஸ்ரின் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"யூரியா இல்லீங்கய்யா," என்றாள். "ஜவ்வரிசிங்க. எங்க ஊட்ல பாயசம் வைக்க."