லில்லிக்குத் தண்ணீர்

ஆனந்தபாய் தண்ணீர் பாட்டிலோடு பலிபீடத்தை நோக்கி வந்தபோது நான் ஏணியின் மூன்றாம் படியில் நின்றிருந்தேன்.

இறங்கி ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மாலை நான்கு மணி. பாடகர் குழு மாடியில் கீபோர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. புதிய அச்சன் குடிலில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

இந்த அச்சன் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் முறை உண்டு. பலிபீட மேசைமேல் பூ வைக்கக் கூடாது, கீழே இரண்டு பக்கமும் வைக்கலாம். மினுக்கும் சீரியல் பல்பு கூடாது. குடில் பலிபீடத்தை மறைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பூ மட்டும் கூடவே கூடாது. உயிரில்லாத பூவையா ஆண்டவருக்குக் கொடுப்பது என்று மூன்று ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டுவிட்டார்.

பதினொரு வருடமாக இந்தப் பலிபீடத்தை அலங்கரிப்பவள் நான். விமலகுமாரி கை வைத்தால் அது தனி அழகு என்று பாறசாலை வரை பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே நான்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த வருடம் வெள்ளை லில்லி. இரண்டு பெரிய ஜாடி நிறைய. காலையில் அச்சன் படிக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். யாரும் கிட்டே வந்து தொடாமலிருக்க நான் கயிறு கட்டிவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பூசைச் சாமான் அறை வாசலில் ஒரு பக்கெட்டைப் பார்த்தேன். உள்ளே ஏழு ஆந்தூரியம் பூ.

ஆனந்தபாயின் பக்கெட். ஆரியங்கோட்டு சிஎஸ்ஐ சபையில் பிறந்து, எங்கள் கத்தோலிக்கப் பங்கில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலையோ மரச்சீனியோ, எது உண்டோ அதைக் கொண்டுபோய் ஆலயத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் இவளும் ரப்பர் வெட்டப் போகிற வழியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு, மெழுகு பூசினதுபோல் பளபளப்பு.

படம் எடுத்துப் பங்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். ‘பிளாஸ்டிக் பூவை அவரவர் வீட்டு டிவி மேல் வைத்துக்கொள்ளவும். இது பலிபீடம்.’

முப்பத்தெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். சிஎஸ்ஐக்காரிக்குப் பலிபீடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருத்தி எழுதினாள். அதற்கு நான் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். பக்கெட்டைத் துடைப்பத்துக்குப் பின்னால் தள்ளினேன்.

ஆனந்தபாயின் மகள் ஜெஸ்மியும் அந்தக் குழுவில் உண்டு. அதனால் மாலையில் ஆனந்தபாய் பாட்டிலோடு வந்தபோது, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சண்டையென்றால் எனக்குக் கவலையில்லை, வாய் உண்டு.

ஆனால் அவள் கயிற்றைத் தாண்டி ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"லைட்டெல்லாம் போட்டா சூடாக்கும் அக்கா. ராத்திரி பூசைக்கு முன்ன பூவு வாடிப்போவும். கொஞ்சம் வெள்ளம் ஊத்துறேன்."

வேண்டாம் என்றேன். கீபோர்டு சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

ஊற்றினாள். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. விளிம்பில் நின்று, வழிந்து, ஜாடியின் வயிற்றில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் பரவியது.

ஆனந்தபாய் ஜாடிக்குள் விரலை விட்டாள். அங்கே சிமென்ட். பிறகு ஒரு லில்லி இதழைத் தொட்டாள். தலையைத் தூக்கி ஏணியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

தோவாளைப் பூச்சந்தையில் சொல்லிவைத்த லில்லி மழையில் வரவில்லை. இது திருவனந்தபுரத்தில் வாங்கிய பிளாஸ்டிக். விடியுமுன் வந்து நான்தான் இதழ் இதழாகத் தண்ணீர் தெளித்து வைத்தேன். ஆந்தூரியத்தை எடுத்தபோது வெட்டின தண்டு என் கையில் ஈரமாக ஒட்டியது. அது நல்ல பூ என்று அப்போதே தெரியும். அந்த ஏழும் இங்கே பக்கத்தில் இருந்தால், எது உயிருள்ள பூ என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அச்சன் வைக்கோலைப் போட்டுவிட்டு வந்தார். கம்பளத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

இப்போது சொல்வாள் என்று ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஜாடி நெறைய வெள்ளம் உண்டு அச்சோ, நான் பாக்காம ஊத்திட்டேன். என் தப்பாக்கும்."

கயிறு கட்டியிருப்பது கண்ணில் படவில்லையா என்று அச்சன் அவளைத் திட்டினார். அவள் முட்டிபோட்டு, சேலைத் தலைப்பால் கம்பளத்தை ஒற்றி எடுத்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு வாய் உள்ள நான்.

துடைத்து முடித்ததும் அவள் துடைப்பத்தை நகர்த்தி பக்கெட்டை எடுத்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு பக்க வாசல் வழியாகப் போனாள்.

அச்சன் ஜாடிப் பக்கம் திரும்பினார். நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் அவர் மறுபடியும் என்னைப் பாராட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.