கம்ப்யூட்டருக்கு வேப்பிலை

ரோஸ் ஹில்லில் தமிழாசிரியர் நீலமேகத்தின் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது என்று கணவர் குருமூர்த்தி வந்து சொன்னால், பக்கத்து வீட்டு ரமாமணி சும்மா இருப்பாளா? நீலமேகத்தின் மனைவி கமலாட்சியிடம் ஓடினாள்.

“ஐயோ கமலாட்சி, யாருக்கு அம்மை?”

“கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரக்கூடாதுன்னு கட்டினேன் அக்கா. இவரோட மூணு வருஷ அகராதி வேலை அதுலதான் இருக்கு.”

தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள் ரமாமணி.

மறுவாரம் தெருவில் மற்ற நாலு கம்ப்யூட்டரும் வைரஸில் படுத்துவிட்டன. அகராதி மட்டும் தப்பியது.

“எல்லாம் மாரியம்மன் மகிமை!” கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ரமாமணி.

“மகிமைதான் அக்கா. வைரஸ் ஃப்ளாப்பியிலதான் வரும். வேப்பிலை கட்டின வீட்டுக்குள்ள வெளியாள் நுழைய மாட்டாங்க. கேம் ஃப்ளாப்பியோட வந்த உங்க வீட்டுக்காரர் எங்க வாசலோட திரும்பி, மத்த நாலு வீட்டுக்கும் போயிட்டார்.”