யாராவது நிறுத்தும்வரை

இன்னும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவன் கிட்டாரை வாசித்துக்கொண்டே மாடிக் கதவைப் பார்த்தான். பெரம்பூர் வெயிலில் மொட்டை மாடி தோசைக்கல்லாகக் காய்ந்தது. விரல் நுனிகள் எரிந்தன.

ஜனவரி முப்பது. அறுபத்தொன்பதில் இதே நாளில்தான் லண்டனில், ஒரு மொட்டை மாடியில், உலகப் புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டுக்குழு ஒன்றின் நால்வர் கடைசி முறையாக ஊர் கேட்க வாசித்தார்கள். போலீஸ் மேலே ஏறி வந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

அந்தக் கூத்தை இவனும் நண்பர்கள் மூவரும் கல்லூரி நாளிலிருந்து வருடம் தவறாமல் இங்கே நடத்துகிறார்கள். நரை விழுந்த பிறகும் விடவில்லை. புகழ்தான் வரவில்லை, புத்தியாவது வந்திருக்கலாம்.

ஒரே ஒரு விதி. தாங்களாக நிறுத்தக் கூடாது. யாராவது வந்து நிறுத்த வேண்டும்.

லண்டனுக்குப் போலீஸ். பெரம்பூருக்கு அவனுடைய அப்பா.

மூன்றாவது பாட்டைத் தாண்ட விட்டதில்லை மனிதர். முட்டிவலியோடு, படிக்கு ஒரு வசவாக ஏறி வருவார்.

"போதும் நிறுத்துங்கடா! தெருவே காதைப் பொத்திக்கிட்டு நிக்குது."

அதோடு சரி. எல்லோரும் சிரித்தபடி கீழே சாப்பிடப் போவார்கள்.

மார்கழியில் அப்பா போய்விட்டார்.

துக்க வீட்டில் என்னடா பாட்டு என்று தெரு கொதிக்கும். கொதிக்கட்டும் என்றுதான் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். யாராவது ஏறி வந்தால் போதும்.

ஒருவரும் வரவில்லை.

காய்ந்த துணி எடுக்க அம்மா வந்தாள். நால்வரும் ஆவலாகத் திரும்பினார்கள். புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமல் இறங்கிப் போய்விட்டாள்.

தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். டிரம்ஸ் அடிக்கும் யூஜினுக்குக் கை ஓய்ந்துவிட்டது. போதுமே என்று கண்ணால் கேட்டான்.

கிட்டாரை விடாமல் அவன் தலையசைத்து மறுத்தான்.

நிறுத்தினால் அப்பா வரவில்லை என்று ஆகிவிடும். அதை அவனால் தாங்க முடியாது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று. அறிவுகெட்ட மனசு ஒரு கணம் துள்ளியது.

எதிர்வீட்டுத் தண்டபாணி. வருடா வருடம் அப்பாவுக்கு போன் போட்டுப் புகார் சொல்கிறவர். மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டு அதுவாகவே அடங்கியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ வாசிப்பா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அருகே வந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். இரண்டு படி இறங்கியிருப்பார்.

அவன் கிட்டாரோடு பின்னாலேயே ஓடினான்.

"ஒரே ஒரு தடவை திட்டிட்டுப் போங்க, அங்கிள்."